இரசாயனப் பெயர்களைப் படித்தறியும் முறை

இக்காலத்தில் உழவர் வாங்கும் எருக்களும் மருந்துகளும் பெரும்பாலும் இரசாயனப் பெயர்களாலேயே விற்கப்படுகின்றன. அப்பெயர்கள் நாவிற் புரளாத அந்நியச் சொற்கள் என்றெண்ணிப் பலர் அவற்றை முற்றும் படியாது விடுகின்றனர். இது பெருந்தீங்கு விளைக்கத்தக்க வழக்கமாகும். ஜிங்க் சல்பேட்டு என்பது நெல்வயலுக்கு ஹெக்டேர் ஒன்றுக்கு 25 கிலோ வீதம் இடப்படும் பயிருணவு. ஜிங்க் பாஸ்பைடு என்பதோ எலியைக் கொல்லும் கொடிய நஞ்சு. ஜிங்க் என்னும் துத்தநாகம் இரண்டிற்கும் பொது. பெயரின் பிற்பகுதியே பயிருணவையும் நஞ்சையும் பிரித்துக் காட்டுகிறது.

பழைய பெயர்களும் புதிய முறையும்

நம் நாட்டில் மயில்துத்தம், வெள்ளைத்துத்தம், அன்னபேதி, வெடியுப்பு என்னும் பெயர்கள் நெடுங்காலமாக வழங்குகின்றன. இவை பொருளின் நிறத்தையோ பயனையோ குறிக்குமேயன்றி, அதனுள் அடங்கியது யாதென உரைப்பதில்லை. மயில்துத்தத்தில் உள்ளது தாமிரம். வெள்ளைத்துத்தத்தில் உள்ளது துத்தநாகம். அன்னபேதியில் உள்ளது இரும்பு. ஆயினும் இம்மூன்றும் சல்பேட்டு என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பது இப்பெயர்களால் விளங்காது.

ஐரோப்பாவிலும் முற்காலத்தில் இக்குழப்பமே இருந்தது. 1787-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கிட்டோன் தெ மோர்வோ, லவாய்சியே, பெர்த்தோலே, பூர்க்ருவா என்னும் நால்வர் புதிய பெயர்முறை ஒன்றை வகுத்து வெளியிட்டனர். பொருளில் அடங்கியவற்றைப் பெயரே தெரிவித்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. இன்றைய முறை அதன்மீது எழுந்ததேயாம்.

பெயரின் இறுதியை நோக்குதல்

பெயரின் முற்பகுதி பெரும்பாலும் உலோகத்தையோ அம்மோனியத்தையோ குறிக்கும். பிற்பகுதியின் முடிவு மூன்று வகைப்படும்.

1. 'ஐடு' என முடிவது: பெரும்பாலும் இரண்டே மூலகங்கள் கூடியது. சோடியமும் குளோரினும் கூடியது சோடியம் குளோரைடு; அதுவே கறியுப்பு. கால்சியமும் ஆக்ஸிஜனும் கூடியது கால்சியம் ஆக்ஸைடு. அதுவே சுட்ட சுண்ணாம்பு. அதனை நீரூற்றி நீற்றினால் கால்சியம் ஹைடிராக்ஸைடு ஆகும். இதில் ஹைடிரஜனும் சேர்வதால் மூலகங்கள் மூன்று, இது விதிவிலக்கு.

2. 'ஏட்டு' என முடிவது: ஆக்ஸிஜனும் உடன் சேர்ந்தது. கந்தகமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது சல்பேட்டு. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது நைட்ரேட்டு.

3. 'ஐட்டு' என முடிவது: ஏட்டைவிட ஆக்ஸிஜன் குறைந்தது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டு பயிருக்கு உணவு. நைட்ரைட்டு மிகுந்தால் வேருக்குக் கேடு.

தமிழில் எழுதும்போது 'ஐடு', 'ஐட்டு' என்பவற்றிடையே ஓரெழுத்தே வேறுபாடு. ஆதலின் எழுதுவோரும் படிப்போரும் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

எண்ணைக் குறிக்கும் சொற்கள்

மானோ என்பது ஒன்றையும், டை என்பது இரண்டையும், பெண்டா என்பது ஐந்தையும் குறிக்கும். டை அம்மோனியம் பாஸ்பேட்டில் பாஸ்பேட்டு ஒன்றுக்கு அம்மோனியம் இரண்டு பங்கு. அதன் மூட்டையில் 18-46 எனக் காணப்படுவது, நூற்றுக்கு 18 பங்கு நைட்ரஜனும், பாஸ்பரஸ் பெண்டாக்ஸைடாகக் கணக்கிட்ட 46 பங்கு மணிச்சத்தும் உண்டென்பதாம். மானோ அம்மோனியம் பாஸ்பேட்டில் நைட்ரஜன் இதனினும் குறைவு. கார்பன் டையாக்ஸைடு இலைகளுக்கு உணவு. கார்பன் மானாக்ஸைடோ, அடைத்த அறையில் கரியடுப்பு எரிந்தால் உறங்குவோரை மாய்க்கும் வாயு.

பெயரறிவால் வரும் பயன்

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டு. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட்டு. இரண்டிலும் கால்சியம் உண்டு. ஆயினும் களர் நிலத்தைத் திருத்த ஜிப்சமும், புளிப்பு நிலத்தைத் திருத்தச் சுண்ணாம்பும் ஏற்றவை. மாற்றியிட்டால் நிலம் திருந்தாது, செலவும் வீணாகும். மியூரியேட்டு ஆப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடின் பழம்பெயர். புகையிலைக்குக் குளோரைடு ஆகாது. இலை நன்கு எரியாது கெடும். அதற்குப் பொட்டாசியம் சல்பேட்டே தக்கது.

கைக்கொள்ளத்தக்கவை

பொருள் வாங்குமுன் மூட்டையிலுள்ள பெயரை இறுதியெழுத்துவரை படித்தல் வேண்டும். படிக்கவியலாதோர்க்குக் கிராம அதிகாரிகள் படித்துக் காட்டுதல் நலம். எந்த மருந்தையும் பெயரில்லாத பொட்டலத்தில் மாற்றி வைத்தலாகாது. ஜிங்க் பாஸ்பைடு வயிற்றிலுள்ள அமிலத்தோடு கூடி பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு முறிமருந்து இல்லை. ஆகையால் அதனை எருவும் தானியமும் உள்ள அறையில் வையாது, பெயர் எழுதிய கலத்தில், பூட்டிய பெட்டியில் வைத்தல் வேண்டும். பெயரைப் படிக்கும் சிறு முயற்சி பொருளையும் உயிரையும் காக்கும்.