பள்ளி வளாகத்தில் பறவை நோக்கல்

பறவை நோக்கல் ஒரு பொழுதுபோக்குதானே, அதற்குப் பாடவேளையை ஒதுக்கலாமா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. இதில் ஈடுபடுவோர் செய்வது மூன்று செயல்கள்: உற்றுப் பார்க்கிறார்கள், எண்ணுகிறார்கள், எழுதி வைக்கிறார்கள். மூன்றும் நம் மாணவர்களிடம் நாம் வளர்க்க விரும்பும் திறன்களே.

இக்குறிப்புகளின் பயனும் பெரிது. 2020இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, சுமார் 15,500 பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு உருவானது. சிட்டுக்குருவி எங்கும் அழிந்து வருகிறது என்று பலரும் நம்பியிருந்தோம். பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதுமாகப் பார்க்கையில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக உள்ளது என்பதை அந்த அறிக்கை காட்டியது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடங்கள் கவனித்து, கண்டவற்றை ‘இ-பேர்டு’ இணையதளத்தில் பதிவிட வேண்டும். இந்த 15 நிமிடங்களையே வகுப்பறைச் செயல்பாடாக மாற்றிக்கொண்டேன்.

தேன்கனிக்கோட்டையின் தேவை

எங்கள் பகுதி கர்நாடக எல்லையை ஒட்டியது. தமிழ்வழி வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைகள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிறார்கள். தமிழ்ப் பாடவேளையில் இவர்களில் சிலர் வாய் திறப்பதே அரிது. எனவே, பறவைக் குறிப்பேட்டில் ‘வீட்டில் சொல்லும் பெயர்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன்.

மாற்றம் அங்கிருந்துதான் தொடங்கியது. சிட்டுக்குருவியைத் தெலுங்கில் ‘பிச்சுக’ என்றும், கன்னடத்தில் ‘குப்பச்சி’ என்றும் கரும்பலகையில் எழுதினோம். மயில் ‘நெமலி’யாகவும் ‘நவிலு’வாகவும் வந்தது. மின்கம்பியில் அமர்ந்திருந்த பனங்காடையைப் பார்த்து ‘பாலபிட்ட’ என்று சொன்ன மாணவி, அதுவரை கேள்விகளுக்குத் தலையை மட்டும் அசைத்தவள். தசராவன்று அதைக் கண்டால் நல்லது என்று பாட்டி சொன்னதைத் தட்டுத் தடுமாறித் தமிழிலேயே விளக்கினாள். பட்டுப்போன பனைமரப் பொந்துகளில் கூடு வைக்கும் இப்பறவையே கர்நாடகத்தின் மாநிலப் பறவை என்பதை அன்று சேர்த்துச் சொன்னேன். நமது மாநிலப் பறவை எது என்ற கேள்வி உடனே எழுந்தது. மரகதப் புறாவைப் படத்தில் கண்டோம்.

செயல்பாட்டு முறை

1. நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கவும். காலை வழிபாட்டுக்கு முந்தைய 15 நிமிடங்கள் ஏற்றவை.
2. நாள், நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல், வீட்டில் சொல்லும் பெயர் ஆகியவற்றைக் குறிக்கச் செய்யவும்.
3. பெயர் தெரியாவிட்டால், சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகியவற்றோடு அளவை ஒப்பிட்டு, அலகு, வால், நிறம், நடை ஆகியவற்றை எழுதலாம். ‘தெரியவில்லை’ என்பதும் சரியான பதிவே. ஊகித்து எழுதுவதுதான் கூடாது.
4. இருநோக்கி கட்டாயமில்லை. அடையாளம் காண, க. ரத்னம் எழுதிய ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ போன்ற நூல்கள் உதவும்.

பாடங்களோடு இணைப்பு

வார எண்ணிக்கையைக் கொண்டு கணக்கில் பட்டை வரைபடம் வரையலாம். அலகின் வடிவத்தையும் உணவையும் அறிவியலில் இணைக்கலாம். குளிர்காலத்தில் மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான்களிலிருந்து வலசையையும், அங்கிருந்து உலக வரைபடத்தையும் தொடங்கலாம். ‘நான் கண்ட பறவை’ என ஐந்து வரி எழுதுவது தமிழுக்குரிய பயிற்சி.

கவனத்திற்கு

கூட்டின் அருகே செல்வதும் முட்டையைத் தொடுவதும் கூடாது. எங்கள் ஊரைச் சூழ்ந்த காடுகள் யானைகள் நடமாடுபவை. 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் இப்பகுதியில்தான் உள்ளது. ஆகவே, குழந்தைகளைக் காட்டோரம் அழைத்துச் செல்ல வேண்டாம். வளாகத்தில் ஒரு வேப்பமரமும் கண்ணெதிரே ஒரு மின்கம்பியும் இருந்தால் போதும்.

டிசம்பரில் வாரம் ஒருநாள் பழக்கினால், பொங்கல் விடுமுறையில் மாணவர்கள் தத்தம் வீட்டு வாசலிலேயே கணக்கெடுக்கத் தயாராகிவிடுவார்கள். பெயர் சொல்லித்தர வீட்டில் பாட்டிகள் இருக்கிறார்கள்.