சிறுநீரகத்துக்கென்று தனி ஊசி இல்லை

நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐப்பசி பிறந்தால் மதுராந்தகம் தொடங்கி செய்யூர், திருக்கழுக்குன்றம் வரை வயலெல்லாம் தண்ணீர். கூடவே காய்ச்சலும் வரும். பெரும்பாலானவை தானாக வந்து தானாகப் போகும் வைரஸ் காய்ச்சல்கள். சில மட்டும் உண்ணிக் காய்ச்சலாகவோ எலிக்காய்ச்சலாகவோ இருக்கும். மழைக்குக் காத்திராதவையும் உண்டு: சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் சிறுநீர்த் தொற்று, ஆறாத கால் புண், நிமோனியா. இவற்றில் எது முற்றினாலும் ரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகளுக்கு ஓட்டம் குறைந்து, ‘செப்டிக் ஷாக்’ என்ற நிலையில் கொண்டுபோய் நிறுத்தலாம். ‘ரத்தத்துல கிருமி கலந்துடுச்சு’ என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

அந்த நிலையில் ஐசியு வாசலில் காத்திருக்கும் குடும்பத்தின் காதில் சீக்கிரமே விழும் செய்தி, ‘கிட்னி வேலை குறைஞ்சிருக்கு’ என்பது. அதன் பிறகு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவற்றில் அடிக்கடி கேட்கும் ஆறு நம்பிக்கைகள் இங்கே.

நம்பிக்கை 1: “சாதாரணக் காய்ச்சல்தான். ஒரு ஊசி போட்டா அடங்கிடும். நாலு நாள் பார்க்கலாம்.”

உண்மை: விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் நம் மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. விபத்தென்றால் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காய்ச்சல் செப்டிக் ஷாக்காக மாறிவிட்டால் கணக்கு இன்னும் இறுக்கமானது. அடையாளம் கண்ட ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் உடம்பில் ஏற வேண்டும் என்பது 2021-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்.

சரியான ஆன்டிபயாட்டிக்காகவும் இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு, வழக்கமாகப் போடும் பென்சிலின், செஃப்ட்ரியாக்ஸோன் வகை ஊசிகள் வேலை செய்யா. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். கடுமையான உண்ணிக் காய்ச்சலில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சிஎம்சி தலைமையில் 794 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. நோயை அடையாளம் காண வீட்டாரும் உதவலாம். இந்த நோயைப் பரப்பும் புதர்ப் பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். அது வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, பாவாடை நாடா கட்டும் இடுப்பு என்று மறைவான இடமாகப் பார்த்து இருக்கும். நோயாளிக்கே தெரியாது. பார்த்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடக்கும் ஊசி என்று போடப்படுவது பல நேரம் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்து. ஓட்டம் குறைந்த வேளையில் சிறுநீரகம் தன் உள் ரத்தக் குழாயை விரித்துச் சமாளிக்கப் பார்க்கும். அந்த வழியை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. ஆகவே காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும்.

நம்பிக்கை 2: “கிரியாட்டினின் நார்மல்னு ரிப்போர்ட் வந்திருக்கு, கிட்னிக்கு ஒண்ணுமில்லை.”

உண்மை: கிரியாட்டினின் தாமதமாகச் செய்தி சொல்லும். சிறுநீரகம் வடிகட்டுவது இன்று குறைந்தால் ரத்தத்தில் அது தேங்கி எண் உயர ஒரு நாளாவது, சில சமயம் இரண்டு நாளாவது ஆகும். சதை குறைந்த வயதானவருக்கு எண் முதலிலிருந்தே தாழ்வாக இருக்கும் என்பதால், உயர்ந்த பிறகும் நார்மல் போலத் தெரியும். அதனால் ஐசியுவில் மணிக்கொரு முறை சிறுநீரை அளக்கிறார்கள். கிலோவுக்கு அரை மில்லிக்குக் கீழே, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே, ஆறு மணி நேரம் தொடர்ந்தால் சிறுநீரகம் அடிபட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ரிப்போர்ட் கேட்கும்போது, “மணிக்கு எவ்வளவு யூரின் வருது?” என்றும் கேளுங்கள்.

நம்பிக்கை 3: “நிறைய குளுக்கோஸ் ஏத்தினா கிட்னியைக் கழுவிவிடும். இளநீரும் கொடுக்கலாம்.”

உண்மை: ஆரம்பத்தில் திரவம் தேவை. முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்குக் குறைந்தது 30 மில்லி, அதாவது 60 கிலோ ஆளுக்கு 1.8 லிட்டர் என்பது பொதுவான தொடக்கம். அதுவும் குளுக்கோஸ் அல்ல. ரிங்கர் லாக்டேட், சலைன் போன்ற உப்பு கலந்தவை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டிலுக்கும் காரணம் வேண்டும். மிஞ்சிய நீர் நுரையீரலில் கோக்கும். சிறுநீரகமும் உள்ளேயே வீங்கி நசுங்கும். முதல் கட்டத் திரவம் ஏறிய பின் அளவைக் கட்டுப்படுத்தியவர்களையும் வழக்கம்போலக் கொடுக்கப்பட்டவர்களையும் 1,554 செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. 90 நாளில் இறப்பு இரு பக்கமும் 42 சதவீதம்தான். கூடுதல் பாட்டில்களால் யாரும் கூடுதலாகப் பிழைக்கவில்லை.

விலை கூடிய திரவம் நல்லது என்ற எண்ணமும் உடைந்தது. ரத்தக் குழாயிலேயே தங்கும் என்று நம்பி ஒரு காலத்தில் தாராளமாக ஏற்றப்பட்ட ஸ்டார்ச் திரவம், 2012-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் இறப்பையும் டயாலிசிஸ் தேவையையும் கூட்டியது தெரியவந்தது. மலிவான உப்புத் திரவமே ஜெயித்தது.

ஈசிஆர் ஓரத்தில் வெயிலுக்கு இளநீர் அருமைதான். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீர் நின்றுபோனவருக்கு அது வெளியேற வழியில்லை. ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். கேட்காமல் ஒரு மடக்கும் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை 4: “பிபி ஏத்துற மருந்து நரம்பைச் சுருக்கும், அதுதான் கிட்னியைக் கெடுக்குது.”

உண்மை: நார்அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்குவது உண்மைதான். ஆனால் செப்டிக் ஷாக்கில் குழாய்கள் அளவுக்கு மீறித் தளர்ந்து கிடக்கின்றன. ஏரியில் நீர்மட்டம் மதகுக்குக் கீழே போய்விட்டால் வாய்க்கால் எவ்வளவு சுத்தமாக இருந்தும் கடைமடைக்குத் தண்ணீர் பாயாது. சிறுநீரகத்தின் கதையும் அதுதான். இங்கே பார்க்க வேண்டியது சராசரி அழுத்தம். கீழ் எண்ணை இரட்டித்து மேல் எண்ணோடு கூட்டி மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ அது கிடைக்கும். 80/50 என்றால் சராசரி 60, அது போதாது. 65-ஐத் தொட வேண்டும். திரவத்தால் தொட முடியாவிட்டால் மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் கேடு.

எல்லோருக்கும் ஒரே இலக்கா? 2014-இல் வந்த பிரெஞ்சு ஆய்வு 776 பேரிடம் 65–70, 80–85 என்ற இரண்டு இலக்குகளை ஒப்பிட்டது. இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே பிபி நோய் உள்ளவர்களில், உயர்ந்த இலக்கு வைக்கப்பட்டவர்களுக்கு டயாலிசிஸ் தேவை குறைந்தது. அப்பாவுக்குப் பல வருடமாக பிபி இருக்கிறது என்றால், சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை 5: “யூரின் வர்றதுக்கு ஊசி போட்டா கிட்னி பிழைச்சுக்கும்.”

உண்மை: லேசிக்ஸ் ஊசி சிறுநீரை வெளியே தள்ளலாம், அடிபட்ட சிறுநீரகத்தை அது ஆற்றாது. உடம்பில் நீர் மிஞ்சியிருந்தால் அதைக் குறைக்க உதவும், அவ்வளவுதான். பை நிறைவதைப் பார்த்து நாம் நிம்மதி அடையலாம். சிறுநீரகத்துக்கு அதனால் லாபமில்லை.

இந்த மயக்கம் மருத்துவர்களுக்கும் இருந்தது. குறைந்த அளவு டோபமின் சிறுநீரகத்தைக் காக்கும் என்று பல்லாண்டுகள் உலகெங்கும் கொடுத்துவந்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஐசியுக்களில் 328 பேரிடம் சோதித்தபோது போலி மருந்தைவிட அது ஒன்றும் கூடுதலாகச் சாதிக்கவில்லை. செப்டிக் ஷாக்கில் சிறுநீரகத்தை மட்டும் காப்பாற்றும் மருந்து என்று நிரூபணமான ஒன்று இன்றுவரை இல்லை. கிருமியை நேரத்தில் கொல்வது, அழுத்தத்தைத் தாங்குவது, திரவத்தை அளந்து விடுவது, கெடுக்கும் மருந்தைத் தவிர்ப்பது: சிறுநீரகத்துக்கான வைத்தியம் இவைதான்.

கெடுக்கும் மருந்து என்றதும் அமிக்காசின், கொலிஸ்டின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைச் சிலர் சுட்டுவார்கள். அவை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவைதான். வேறு மருந்துக்கு மசியாத கிருமி என்றால் அவற்றைக் கொடுக்கவும் வேண்டிவரும். அளவையும் நாளையும் கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். அதற்குப் பயந்து ஆன்டிபயாட்டிக்கையே வேண்டாம் என்பது உயிரோடு விளையாடுவது.

நம்பிக்கை 6: “டயாலிசிஸ் ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது.” எதிர்ப்பக்கம்: “எதுக்குக் காத்திருக்கணும்? உடனே போடச் சொல்லுங்க.”

உண்மை: இரண்டும் தவறு. பொட்டாசியம் ஆபத்தாக ஏறினால், ரத்தத்தில் அமிலம் கூடினால், நுரையீரலில் நீர் கோத்தால் டயாலிசிஸ் உடனே வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். பல நாடுகளில் ஏறத்தாழ 3,000 ஐசியு நோயாளிகளிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், முந்திக்கொண்டு தொடங்கியதால் இறப்பு குறையவில்லை. காத்திருந்த பக்கத்தில் பத்தில் நான்கு பேர்வரை டயாலிசிஸ் இல்லாமலே கடந்தார்கள். பிழைத்தவர்களில் 90 நாளுக்குப் பிறகும் டயாலிசிஸைத் தொடர வேண்டியிருந்தவர்கள், முந்தித் தொடங்கிய பக்கம் 10 சதவீதம், காத்திருந்த பக்கம் 6. அதாவது பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்காவது டயாலிசிஸ் நின்றுவிட்டது, அல்லது தேவையே வரவில்லை. ஏற்கெனவே சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானவருக்கு வாய்ப்பு குறையும். எலிக்காய்ச்சலில் அடிபட்ட இளவயதுச் சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டுவிடும்.

குடும்பம் செய்யக்கூடியவை

காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், கை கால் சில்லிட்டால், அரை நாளாகச் சிறுநீர் வராவிட்டால் 108-ஐ அழையுங்கள். விரல் நுனியை வெளுக்கும்வரை அழுத்திவிட்டுப் பாருங்கள். மூன்று நொடிக்குள் சிவப்பு திரும்பாவிட்டால் அதுவும் அபாயக் குறி. கல்பாக்கத்திலிருந்தோ மாமல்லபுரத்திலிருந்தோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்படும்போது பழைய கிரியாட்டினின் ரிப்போர்ட், அதுவரை போட்ட ஊசி மாத்திரைகளின் அட்டை, நாட்டு மருந்து எடுத்திருந்தால் அதன் பொட்டலம் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

பிழைத்து வீடு திரும்பியவருக்கு மூன்று மாதத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் மறுபடி பார்க்க வேண்டும். தேறிவிட்டதாகத் தெரியும் சிறுநீரகத்தில் பழைய அடியின் மிச்சம் இருக்கலாம். அதைச் சோதித்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை வேண்டாம்.