சுடத் தெரிஞ்சா மட்டும் போதாது, கையை இறக்கவும் தெரியணும்!



நம்ம தருமபுரிப் பக்கம் தேர்த்திருவிழான்னா பலூன் சுடுற கடை இல்லாம இருக்காது. குறி தப்பினா "கை ஆடிடுச்சு மச்சி"னு சொல்லிட்டு வந்துடுவோம். உண்மையில கை ஆடுறதுதான் காரணமா? பிஸ்டல் போட்டிக்குத் தயாராக நினைக்கிறவங்க முதல்ல விடை தேட வேண்டிய கேள்வி இது.

எந்தப் போட்டி?

ஓடிக்கிட்டே பல இலக்குகளைச் சுடும் 'ப்ராக்டிகல் பிஸ்டல்' வெளிநாடுகள்ல பிரபலம். அதுக்கான சர்வதேச அமைப்பு 1976-ல அமெரிக்காவில் தொடங்கியது. எடுத்த புள்ளியை, ஆன நொடியால வகுத்து மதிப்பெண் போடுவாங்க. அதுக்குக் கொஞ்சம் நெருக்கமான ஒலிம்பிக் பிரிவு 25 மீட்டர் ரேபிட் ஃபயர். அஞ்சு இலக்கு, அஞ்சு குண்டு; முதல்ல 8 நொடி, அப்புறம் 6, கடைசியா 4. லண்டன் 2012-ல் விஜய் குமார் இதுலதான் வெள்ளி வாங்கினார்.

ஆனா கல்லூரி மாணவர் தொடங்க ஏத்தது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். என்.சி.சி-ல .22 ரைபிள் சுட்டவங்க கவனிக்கணும்: அங்க படுத்துக்கிட்டு, தோள்ல சாய்ச்சு, ரெண்டு கையாலயும் பிடிப்போம். இங்க நின்னுக்கிட்டு ஒரே கையில, கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையை நீட்டிப் பிடிக்கணும். 60 குண்டு, 75 நிமிஷம். அதுக்கு முன்னாடி சரிபார்த்துக்க 15 நிமிஷம் தருவாங்க.

கொஞ்சம் கணக்கு போடுவோம்

முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி 320 மி.மீ.னு வைப்போம். ரெண்டும் நேர்கோட்டில் இருந்து, கை மொத்தமா 5 மி.மீ. நகர்ந்தா, குண்டும் இலக்குல சுமார் 5 மி.மீ. தான் தள்ளும். அப்பவும் அது பத்துதான்.

இப்போ கை ஆடல. ஆனா டிரிகரை வெடுக்குனு இழுத்ததுல முன்சைட் மட்டும் அரை மி.மீ. விலகிடுச்சு. 10,000-ஐ 320-ஆல வகுத்து 0.5-ஆல பெருக்குங்க: 15.6 மி.மீ. பத்துக்குப் போக வேண்டிய குண்டு, ஒன்பதோட ஓரத்துல போய் உட்காரும். மணிக்கட்டு திரும்புறது கோணப்பிழை. அதுதான் தூரத்தோட சேர்ந்து பெருகும்.

அதனால கண் இலக்கைப் பார்க்கக் கூடாது, முன்சைட்டைப் பார்க்கணும். இலக்கு மங்கலாத் தெரியட்டும். கை லேசா ஆடட்டும். டிரிகரை மட்டும் நிதானமா, நேரா பின்னால அழுத்துங்க.

பயிற்சி எப்படி?

கிளப்புல பயிற்சியாளர் முன்னாடி, குண்டில்லாம டிரிகர் அழுத்திப் பழகுங்க. இலக்குக்குப் பதிலா வெள்ளைச் சுவரைக் குறி பார்த்தா, சைட் அசையுறது பளிச்சுனு தெரியும். பிஸ்டலை ஹாஸ்டலுக்குக் கொண்டு வர வேண்டாம். அங்க ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் போதும்: தோள் உயரத்துக்குத் தூக்கி 10 நொடி, இறக்கி அரை நிமிஷம், மறுபடி. தோள் வலிச்சா நிறுத்திடுங்க.

பாதுகாப்பில் மட்டும் சமரசமே கிடையாது. குழல் எப்பவும் இலக்குப் பக்கம். சுடுற வரை விரல் டிரிகருக்கு வெளியே. கீழே வைக்கும்போது குண்டு இல்லைனு காட்டும் பாதுகாப்புக் கொடி உள்ளே.

போட்டி நாள்

75 நிமிஷத்தை 60-ஆல வகுத்தா, ஒரு குண்டுக்கு 75 நொடி. ஆனா ஒரு நல்ல குண்டுக்கு, தூக்கி, குறி பார்த்து, அழுத்த 10 நொடி போதும். மிச்ச நேரம் எதுக்கு? கையை இறக்குறதுக்குத்தான்! தூக்கி 8, 10 நொடி ஆகியும் சுடலைன்னா கண் களைச்சுடும், மூச்சு முட்டும். "இவ்வளவு நேரம் பிடிச்சாச்சு, சுட்டுடலாம்"னு மனசு சொல்லும். மோசமான குண்டெல்லாம் அங்கதான் பிறக்குது. இறக்குங்க, மூச்சு விடுங்க, திரும்பத் தூக்குங்க. அதுக்கு மதிப்பெண் குறையாது.

மிச்ச நேரத்தோட அருமை டோக்கியோவுல தெரிஞ்சது. 2021 ஜூலை 25, தகுதிச்சுற்று நடுவுல மனு பாக்கரோட பிஸ்டல் பழுதாச்சு. சரிபண்ணவே நிறைய நிமிஷம் போச்சு. மீதிக் குண்டுகளை அவசரமா சுட வேண்டிய நிலை. முடிவுல 575 புள்ளி, 12-வது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச்சுற்று. அதே மனு, பாரீஸ் 2024-ல் அதே பிரிவுல 580 எடுத்துத் தகுதி பெற்றார், இறுதிச்சுற்றில் 221.7 புள்ளியோட வெண்கலம். ரெண்டு நாள் கழிச்சு சரப்ஜோத் சிங்கோட கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம்.

நமக்கான பாடம்: முந்தின நாளே பிஸ்டலோட காற்று அழுத்தம், திருகுகள், குண்டுகள் எல்லாத்தையும் பட்டியல் போட்டுச் சரிபாருங்க. முதல் 30 குண்டை 35 நிமிஷத்துக்குள்ள முடிச்சா, கையில 5 நிமிஷம் கூடுதலா இருக்கும். ஏதாவது கோளாறு வந்தாலும் பதற வேண்டியதில்லை.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள்லயும் துப்பாக்கி சுடுதல் இருக்கு. கல்லூரி உடற்கல்வி இயக்குநரைக் கேளுங்க. பிஸ்டலுக்குப் பணம் சேர்க்கிறது அப்புறம். இன்னைக்கு ராத்திரி அந்தத் தண்ணி பாட்டிலைத் தூக்கிப் பாருங்க!