கூடாரத்திலும் வயலிலும் பரிசுத்தம்

வேதபாடம்
வாசிக்க: ஆதியாகமம் 39:1–23, ரூத் 2:1–23



இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பாடம் பலரும் பேசக் கூச்சப்படுகின்ற ஒன்று. பாலியல் தூய்மை பற்றி ஆலயத்தில் இரண்டு வசனம் சொல்லிவிட்டு நாம் கடந்து போவதுண்டு. ஆனால் வீட்டை இழந்த குடும்பத்திற்கு இது அன்றாடப் பிரச்சினை. வீடு என்பது கூரை மட்டுமல்ல. குமர்ப்பிள்ளை குளிக்கும் இடத்தை அந்நியர் கண்ணிலிருந்து மறைப்பது வீடு. கணவன் மனைவிக்குத் தனிமை கொடுப்பதும் வீடு. அது போனால் வேலியும் போகின்றது.

நமது கரையோரம் இதை நன்கு அறியும். 1990 ஆம் ஆண்டின் வன்செயல்களில் அம்பாறை மாவட்டத்தின் தமிழரும் முஸ்லிம்களும் ஊர்களை விட்டு ஓடினர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் இம்மாவட்டத்தில் 10,000 க்கும் மேற்பட்டோரைக் கொண்டு போயிற்று. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எங்கும் எஞ்சியவர்கள் பாடசாலைகளிலும் கோவில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் ஒதுங்கினர். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று 2005 இன் தொடக்கத்தில் அரசு விதித்த தடையினால் பலர் நெடுநாள் கூடாரத்திலும் பலகைக் கொட்டிலிலும் தங்க நேர்ந்தது. மேற்கே வயல் உள்ளவனும் இரவில் அறியாதவர் மத்தியில் படுத்தான்.

அந்நாட்களில், 2005 ஜனவரியிலேயே, நிவாரண முகாம்களில் பெண்கள் பாலியல் தொந்தரவுக்கு உள்ளாவதாகப் பெண்கள் அமைப்புகள் வெளிப்படையாகக் கூறின. நாமும் குற்றமற்றவர்களல்ல. நாம் உதவிய ஒரு முகாமில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே வரிசையில், விளக்கில்லாமல், மலசலகூடங்களைக் கட்டினோம். இருட்டினால் தன் மகள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறாள் என்று ஒரு தாய் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அடக்கத்தைப் பற்றிப் பெண்பிள்ளைகளுக்குப் போதித்த நாங்கள், அவர்கள் அடக்கமாய் வாழ ஒரு கதவைக் கொடுக்கவில்லை.

1. யோசேப்பு: ஓடுவது கோழைத்தனமல்ல

யோசேப்பும் இடம்பெயர்ந்தவனே. 17 வயதில் சகோதரரால் 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டு, மொழி தெரியாத எகிப்தில் அடிமையானான். தகப்பன் இல்லை, ஊரார் இல்லை, யாரும் கேட்கப்போவதில்லை. "இங்கே யார் நம்மை அறிவார்?" என்ற எண்ணமே சோதனையின் முதல் வாசல். இடம்பெயர்ந்த எவருக்கும் இந்த வாசல் திறந்திருக்கின்றது.

யோசேப்பு செய்தவை மூன்று. எஜமான் தன்மேல் வைத்த நம்பிக்கையையும் தேவனையும் நினைத்தான். நாள்தோறும் அவள் அழைத்தபோதும் அவளோடு தனித்திருப்பதைத் தவிர்த்தான். கடைசியில் வஸ்திரம் போனாலும் போகட்டும் என்று வெளியே ஓடினான். பவுல் அப்போஸ்தலனும் 1 கொரிந்தியர் 6:18 இல் இப்பாவத்துக்கு விலகி ஓடும்படியே கூறுகிறார். யானை வயலில் இறங்கும்போது காவற்காரன் அதனோடு பலம் பார்ப்பதில்லை. வெளிச்சம் காட்டுகிறான், சத்தமிடுகிறான், பரணில் ஏறித் தப்புகிறான். அவனை நாம் கோழை என்று சொல்வதில்லை.

யோசேப்பு உடனே கனம் பெறவில்லை, சிறைக்குப் போனான். தூய்மையாய் நடப்பவனுக்கு உடனே நன்மை வரும் என்று நாம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது. நமது முஸ்லிம் அயலவரும் இவரை யூசுப் நபியாக அறிவர். குர்ஆனின் 12 ஆம் அத்தியாயம் முழுவதும் அவர் வரலாறு; அங்கும் அவர் பாவத்தைவிடச் சிறையே மேல் என்று வேண்டுகிறார். இவ்விடயத்தில் கல்முனையில் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒன்றாகப் பேசலாம்.

2. போவாஸ்: பிறருக்கு வேலியாயிருத்தல்

யோசேப்பு தன்னைக் காத்தான். போவாஸ் இன்னொருவரைக் காத்தான். பஞ்சத்தினால் ஊரைவிட்டுப் போன நகோமி, கணவனையும் பிள்ளைகளையும் இழந்து திரும்பி வந்தாள். கூட வந்த மருமகள் ரூத் அந்நிய ஊர்க்காரி, விதவை, ஏழை. அவள் வெட்டுக்காரரின் பின்னால் கதிர் பொறுக்கப் போனாள். வெட்டுக்காலத்தில் வயலில் தனியே நிற்கும் பெண்ணின் நிலை நமக்குத் தெரியாததல்ல.

போவாஸ் அவளுக்குப் புத்தி சொல்லி நிறுத்தவில்லை. அவளைத் தொடக்கூடாது என்று வேலையாட்களுக்குக் கட்டளையிட்டான். தன் வேலைக்காரிகளோடு கூடவே நிற்கச் சொன்னான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். அவள் வெட்கப்படாமல் பொறுக்கும்படி கதிர்களை வேண்டுமென்றே விட்டுவிடச் செய்தான். பின்னர் இரவில் களத்தில் அவள் தனியே வந்தபோதும் அவளுடைய நிலையைப் பயன்படுத்தவில்லை. விடிந்ததும் பட்டண வாசலில் பத்து மூப்பர் முன்னிலையில் காரியத்தை முறைப்படி முடித்தான். வேதம் காட்டும் தூய்மை இதுவே: பலமுள்ளவன் பலமற்றவருக்கு வேலியாகிறான்.

3. அதிகாரம் தரும் சோதனை

இதற்கு எதிரான படம் தாவீது (2 சாமுவேல் 11). அரசன் ஆளனுப்பி உரியாவின் மனைவியை அழைப்பித்தான். நிவாரண அட்டை எழுதுபவர், அரிசி பங்கிடுபவர், வேலை கொடுப்பவர், சபை ஊழியர் எல்லாருக்கும் இந்தச் சோதனை உண்டு. மேற்கு ஆபிரிக்க அகதி முகாம்களில் உதவிப் பணியாளரே பெண்களையும் சிறுமிகளையும் சுரண்டியது 2002 இல் வெளிவந்தது. அதன்பின் 2003 இல் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம், உதவிக்குப் பதிலாகப் பாலுறவு கேட்பதையும் 18 வயதுக்குட்பட்டோருடன் உறவு கொள்வதையும் ஐ.நா. பணியாளருக்கு முற்றாகத் தடைசெய்தார். ஆகவே, "பொருள் வேண்டுமானால் தனியே வா" என்று யாராவது சொன்னால், அது உதவியல்ல, குற்றம்.

4. விழுந்தவரும் அநீதிக்குள்ளானவரும்

இவ்விரண்டையும் குழப்பாதிருப்போம். மனமறிந்து விழுந்தவருக்கு மன்னிப்பும் புதுவாழ்வும் உண்டு. யோவான் 8 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் அப்பெண்ணின்மேல் கல்லெறிய விடவில்லை, பாவத்தில் தொடரவும் சொல்லவில்லை. பலவந்தத்துக்கு உள்ளானவரோ பாவம் செய்தவரல்லர். அவரிடம் மனந்திரும்பக் கேட்பது இரண்டாம் காயம். அவருக்கு வேண்டியது வைத்தியமும் நீதியும் நம் துணையும்.

5. நாம் செய்யக்கூடியவை

• தங்கும் இடங்களில் பெண்களுக்கு வேறாக, உள்ளிருந்து பூட்டக்கூடிய, வெளிச்சமுள்ள மலசலகூடமும் குளிக்கும் மறைப்பும் கேட்போம். 20 பேருக்கு ஒன்று என்பது சர்வதேச அளவு.
• கணவன் மனைவிக்குத் தனிமை வேண்டும் (1 கொரிந்தியர் 7:5). ஒரே கூடாரத்தில் மூன்று தலைமுறை படுக்கும்போது, பிள்ளைகளையும் பெரியவர்களையும் சில இரவுகளில் நம்பிக்கையான உறவினருடன் தங்கவைக்கலாம்.
• துணை மத்திய கிழக்கில் வேலை செய்ய, இங்கே தனித்திருப்பவரைச் சந்தேகத்தோடு பாராமல் குடும்பமாகப் போய் விசாரிப்போம்.
• கசிப்பும், கைத்தொலைபேசியில் வரும் ஆபாசப் படங்களும் ஆண்பிள்ளைகளைக் கெடுக்கின்றன. திட்டுவதற்குமுன் தகப்பன்மார் அவர்களோடு பேசட்டும். தகப்பனும் தன் தொலைபேசியை மறைக்காதிருக்கட்டும்.
• 1995 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி பாலியல் தொந்தரவு தண்டனைக்குரியது. பெண்கள் 1938 என்ற இலக்கத்துக்கும் பிள்ளைகளுக்காக 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கூடிப் பேச

1. இடம்பெயர்ந்தபோது நம் குடும்பம் இழந்த வேலிகள் எவை? எவற்றை மீண்டும் கட்டினோம்?
2. யோசேப்பைப்போல் நாம் விலகி ஓடவேண்டிய இடம், நேரம், நட்பு எது?
3. நமது வட்டையில் கூலிக்கு வரும் பெண்களுக்குப் போவாஸின் வேலையாட்களாக நாம் இருக்கின்றோமா?

ஜெபம்: ஆண்டவரே, வீடிழந்த நாட்களிலும் எங்களை விட்டு விலகாதவரே, எங்கள் கண்களையும் கைகளையும் காத்தருளும். எங்கள் அருகில் படுத்துறங்கும் எவரும் எங்களுக்குப் பயப்படாதிருக்க எங்களை மாற்றும். ஆமென்.