பழைய எடைக்கல், படி: காலத்தைக் கண்டறிவது எப்படி?

நம் கடைப் பரண்களில் பாட்டனார் காலத்து எடைக்கற்களும் பித்தளைப் படிகளும் கிடக்கின்றன. அவற்றின் அருமை தெரியாமல் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறோம். "இருநூறு வருஷத்துச் சாமான்" என்று ஒருவர் கொண்டுவந்து நீட்டினால், அதை நம்பிக் கூடுதல் விலையும் கொடுக்கிறோம். இந்த இரண்டு நஷ்டத்தையும் தவிர்க்க நம் கடைத் தராசே போதும்.

1. எடை போடுங்கள். சுமார் 933 கிராம் காட்டினால் அது சேர் (80 தோலா). சுமார் 453 கிராம் என்றால் ராத்தல். சுமார் 1 கிலோ 400 கிராம் என்றால் 40 பலம் கொண்ட வீசை. தேய்மானத்தால் சில கிராம் குறையலாம். நம் நாட்டில் மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபரில் தொடங்கி, 1962 ஏப்ரலில் கட்டாயமாயின. ஆகவே சேர், வீசைக் கற்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. கிலோ என்று பொறித்த நம் நாட்டுக் கடைக்கல்லை இருநூறு வருஷத்துக் கல் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

2. அடிப்பக்கத்தைப் பாருங்கள். இரும்புக்கல்லின் குழியில் ஈயம் இருக்கும். முத்திரை அதில்தான் விழும். மெட்ரிக் கற்களில் ஆண்டின் கடைசி இரண்டு எண்களும், எந்தக் காலாண்டு என்பதற்கு ஏ, பி, சி, டி என்ற எழுத்தும் இருக்கும். இது சோதித்த ஆண்டு. வார்த்த ஆண்டு அல்ல. பல முத்திரைகள் இருந்தால் மிகப் பழையதைக் கணக்கில் கொள்க. கல் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

3. படியில் கவனம் தேவை. 8 ஆழாக்கு ஒரு படி என்பது பொதுக் கணக்கு. ஆனால் படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது. கொள்ளளவை மட்டும் வைத்துக் காலம் சொல்ல இயலாது.

4. தேய்மானத்தை ஆராயுங்கள். கைபட்ட இடமும் அடிவிளிம்பும் அதிகம் தேய்ந்திருப்பதே இயல்பு. எங்கும் ஒரே சீராகக் கறுத்திருந்தாலும், எழுத்தின் ஓரம் மட்டும் புதிதாக மின்னினாலும் சந்தேகப்படுங்கள். புளி போட்டுத் துலக்க வேண்டாம். காலத்தின் சாட்சியே போய்விடும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 100 ஆண்டு கடந்த தொன்மைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. அத்தகைய பொருள்களை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும்.

பழைய கல்லை வீட்டில் வைத்துப் போற்றுவோம். வியாபாரத் தராசின் அருகே வைக்க வேண்டாம். அங்கே இருக்க வேண்டியது நடப்பு முத்திரையுள்ள கல் மட்டுமே. எடைக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறையும் மறுமுத்திரை பெறுவோம். முன்னோர் கல்லைக் காப்பதோடு அவர்கள் காத்த நாணயத்தையும் காப்போம்.