டி.வி. பெட்டிக்கு பர்ம்வேர் அப்டேட்: சுவிட்சில் கை வைக்காதீர்கள்!

டி.வி.யுடன் இணைத்து இன்டர்நெட் வழியாகப் படம் பார்க்க உதவும் சிறு பெட்டி வாங்கியிருக்கிறீர்களா? அதில் "புதிய அப்டேட் உள்ளது" என்று செய்தி வந்தால் உடனே ஓகே கொடுத்துவிடாதீர்கள். சாப்ட்வேர் இன்ஜினியரான நானே இதில் ஒருமுறை கோட்டைவிட்டேன்.

காரைக்காலில் எங்கள் வீட்டில் நடந்தது. மறுநாள் மாங்கனித் திருவிழா. கால்வலியால் வீதிக்கு வர முடியாத பாட்டிக்கு, மாங்கனி இறைப்பதை யூடியூப் நேரலையில் பெரிய திரையில் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று முந்தைய நாள் மாலை அப்டேட்டை ஓடவிட்டேன். பாதியில் இடி இடித்தது. அம்மா வழக்கம்போல டி.வி. சுவிட்சை அணைத்துவிட்டார். பெட்டிக்குத் தனி அடாப்டர் இருந்தும், வயர் குறையட்டும் என்று அதை டி.வி.யின் யு.எஸ்.பி. போர்ட்டில் செருகியிருந்தது என் தவறு. டி.வி.யோடு பெட்டியும் அணைந்தது. மீண்டும் போட்டபோது சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றுமே வரவில்லை.

"நாளைக்குள்ள சரியாயிடுமாப்பா?" என்றார் பாட்டி. சரியாகவில்லை. என் மொபைல் போனைக் கண்ணருகே பிடித்துக்கொண்டுதான் விழாவைப் பார்த்தார்.

ஏன் இப்படி ஆகிறது? பெட்டிக்குள் பிளாஷ் மெமரி என்ற சிப் உண்டு. பெட்டியை இயக்கும் அடிப்படை சாப்ட்வேரான பர்ம்வேர் அதில்தான் பதிந்திருக்கிறது. அப்டேட்டின்போது பழையதை அழித்துப் புதியதை எழுதுவார்கள். பாதி எழுதியபோது மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் முழுமையாக இல்லை. கம்ப்யூட்டரில் விண்டோஸ் கெட்டால் பென் டிரைவ் கொண்டு மீண்டும் பதியலாம். எல்லாப் பெட்டிகளிலும் அந்த வசதி எளிதாக இருக்காது.

2016-ல் வந்த ஆண்ட்ராய்ட் 7-ல் இதற்கு ஒரு நல்ல வழி செய்தார்கள். சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்று இயங்கும்போது மற்றொன்றில் புதியது எழுதப்படும். தவறினால் பழையதே இயங்கும். ஆனால் எல்லாப் பெட்டிகளிலும் இது இல்லை. உங்களுடையதில் இல்லை என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு.

முதலில் பெட்டியுடன் வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகுங்கள். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது வரையறைப்படி 500 மில்லி ஆம்பியர் மட்டுமே. பெரும்பாலான பெட்டிகளுக்கு அது போதாது. இன்வெர்ட்டர் இருந்தால் அந்த பிளக்கையே பயன்படுத்துங்கள். அதில் யு.பி.எஸ். மோடு இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். மழை, இடி இருக்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம். வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லிவிடுங்கள்!

பிறகு, அமேசான் பயர் டிவி ஸ்டிக் என்றால் செட்டிங்ஸ், மை பயர் டிவி, அபவுட், செக் பார் அப்டேட்ஸ் என்ற வரிசையில் செல்லுங்கள். ஆண்ட்ராய்ட் டிவி பெட்டிகள் பலவற்றில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட், சிஸ்டம் அப்டேட் என்று இருக்கும். தொடங்கும் முன் அங்கே தெரியும் வெர்ஷன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தபின் பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகும். முதல் முறை திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். பதறி பிளக்கைப் பிடுங்க வேண்டாம். மெனு வந்ததும் மீண்டும் அபவுட் சென்று, வெர்ஷன் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.