சுருள்வில்லுக்குள் ஒரு மண்டபம்

மாணவர்களே, தண்ணீர்மலையில் 513 படிகள் ஏறியிருப்பீர்கள். பெரிய மண்டபத்தில் மேளம் நின்ற பிறகும் ஓசை சற்று நீடிப்பதைக் கவனித்தீர்களா? அதுவே எதிர்முழக்கம்.

வால்வு கிட்டார் ஒலிபெருக்கியில் மண்டபத்தின் வேலையைச் சுருள்வில் செய்கிறது. ஃபெண்டர் நிறுவனம் 1963-இல் ‘வைப்ரோவெர்ப்’ ஒலிபெருக்கிக்குள்ளேயே அதைப் பொருத்தியது. மின்சைகை வில்லின் ஒரு முனையை அதிரவைக்கும். அதிர்வு முன்னும் பின்னும் ஓடித் தேயும். மறுமுனையிலுள்ள கம்பிச்சுருள் அதை மீண்டும் மின்சாரமாக்கும்.

குமிழை 2-இல் வைத்தாலே சுரங்கள் குழம்புகின்றனவா? இவ்வகை ஒலிபெருக்கிகள் பலவற்றில் வில்லை உந்துவது 12ஏடி7 வால்வு. அதன் பெருக்கக் காரணி சுமார் 60. அதே இடத்தில் பொருந்தும் 12ஏயு7-க்குச் சுமார் 20தான். மாற்றினால் உந்துதல் குறையும், முழக்கம் அடங்கும்.

எச்சரிக்கை: மின்இணைப்பைக் கழற்றி, வால்வு ஆறிய பின், பெரியவர் துணையோடு மாற்றுங்கள். உள்ளிருக்கும் உலோகப் பெட்டியைத் திறக்காதீர்கள். இணைப்பைக் கழற்றிய பிறகும் மின்தேக்கிகளில் 400 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அது உயிரைப் பறிக்கும்.